மழை விட்டும் விடாத தூவானம்: சர்ப்பகந்தி வேரும் மனநோய் மாத்திரைகளும்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாக ஏறத்தாழ 60 கி.மீ. போனால் போனக்காடு. 1868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடத்துக்கு ஏறுவோர் புறப்படும் இடம் அது. வெள்ளைக்காரர் காலத்தில் தேயிலைத் தோட்டமாயிற்று. திருநெல்வேலிச் சீமையிலிருந்து கூலிக்கு வந்த நம்மவரின் பேரன் பேத்திகள் அங்கே லயங்களில் வாழ்ந்து வந்திருக்கிறார்கள். பிறகு தோட்டம் நொடித்தது, தொழிற்சாலையும் பூட்டிக் கிடந்தது. இப்போது வெளியூர்க்காரர்கள் அங்கே பழைய பங்களாவில் பேய் இருக்கிறதா என்று பார்க்கப் போகிறார்கள். நான் சொல்ல வந்தது வேறு சங்கதி. மனநோய் மருந்துகளின் வரலாற்றுக்கும் இந்த மலைக்காடுகளுக்கும் ஓர் உறவு உண்டு. அந்த வரலாறு இன்றைக்கும் நம் வீடுகளில் நடந்துகொண்டிருக்கிறது.

வேரின் கதை

அகத்தியர் பெயரால் வழங்கும் சித்த மருத்துவ மரபில் மனநோய்க்குக் ‘கிரிகை’ என்று பெயர். அதைப் பதினெட்டு வகையாகப் பிரிப்பர். நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளில் வளரும் சர்ப்பகந்தி, பித்தம் தலைக்கேறியவர்களுக்கு நெடுங்காலமாகக் கொடுக்கப்பட்ட மூலிகை. தமிழில் சிவன் அமல்பொடி, மலையாளத்தில் அமல்பொரி என்பார்கள். பீகாரில் இதன் பெயரே ‘பைத்தியத்துக்கு மருந்து’ என்று பொருள்படும்.

1931 இல் கல்கத்தாவின் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் இந்த வேர் பித்தத்துக்கும் இரத்தக் கொதிப்புக்கும் உதவுகிறது என்று எழுதினார்கள். அதே காலத்தில் டில்லியில் சலீமுஸ்ஸமான் சித்திகி வேரின் காரப்பொருள்களைப் பிரித்தெடுத்தார். 1949 இல் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் 50 நோயாளிகளிடம் கண்டதைப் பிரிட்டிஷ் இதயநோய் இதழில் வெளியிட்டதும் உலகம் திரும்பிப் பார்த்தது. 1952 இல் சுவிட்சர்லாந்தின் சீபா கம்பெனி வேரிலிருந்து ‘ரெசர்பின்’ என்ற பொருளைப் பிரித்தது. ‘செர்பாசில்’ என்ற பெயரில் மாத்திரை வந்தது. 1954 இல் நியூயார்க்கின் நேதன் கிளைன் மனநோயாளிகளுக்கு அது பயன்படுவதை எழுதினார். நம் வைத்தியர் இடித்த வேர் இருபது வருஷத்தில் அமெரிக்க மருத்துவமனைக்குப் போய்விட்டது. இதுவரை நாம் மார்தட்டிச் சொல்லும் கதை.

நிறுத்தியும் நிற்காதது

கதையின் மறுபாதியை யாரும் அதிகம் சொல்வதில்லை. நரம்பின் நுனியில் டோப்பமின், செரட்டோனின் போன்ற பொருள்களைச் சேர்த்துவைக்கும் நுண்பைகள் உண்டு. ரெசர்பின் அந்தப் பைகளின் வாசலை அடைத்துவிடுகிறது. பூட்டில் திருகிய சாவி உள்ளேயே முறிந்துபோன மாதிரி! மருந்து இரத்தத்தைவிட்டுப் போன பிறகும் வாசல் அடைத்தபடியே கிடக்கும். உடம்பு புதிய பைகளைச் செய்து முடிக்கும்வரை, நாள் கணக்கிலும் வாரக் கணக்கிலும் விளைவு நீடிக்கும்.

1957 இல் சுவீடனின் ஆர்விட் கார்ல்சன், ரெசர்பினால் அசைவற்றுப்போன பிராணிகளுக்கு எல்-டோப்பா கொடுத்து எழுப்பிக் காட்டினார். நடுக்குவாத நோய்க்கு மருந்து பிறக்க வழி செய்த ஆராய்ச்சி அது. 2000 இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. மருந்து உடம்பைவிட்டுப் போவது வேறு, அதன் விளைவு போவது வேறு. இந்தப் பாடத்தை நம் மலை வேரே தெளிவாகக் கற்றுக் கொடுத்தது. ஆனால் அந்தப் பாடம் நோயாளியின் கட்டிலருகே வந்துசேரப் பல காலம் பிடித்தது.

வாய் ஓயாத ஆச்சி

ரெசர்பின் வந்த அதே ஆண்டுகளில் பிரான்சில் குளோர்புரோமசின் வந்தது. 1952 இல் தொடங்கிய அதன் ஆட்சி மனநோய் மருத்துவமனைகளின் முகத்தையே மாற்றியது. சங்கிலியில் கிடந்தவர்கள் வீடு திரும்பினார்கள். அதை மறக்கக்கூடாது. ஆனால் 1957 இலேயே ஜெர்மனியில் ஷோனெக்கர் என்ற மருத்துவர், இம்மருந்து சாப்பிட்ட சிலருக்கு உதடும் வாயும் தானாக அசைவதைக் குறித்தார். 1964 இல் டென்மார்க்கில் ஃபௌர்பை குழுவினர் அதற்கு ‘டார்டிவ் டிஸ்கினீசியா’ என்று பெயரிட்டார்கள். தாமதமாக வரும் தடுமாற்ற அசைவு என்று பொருள். பல வருஷம் சாப்பிட்டவர்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு இது வருகிறது. புதிய மருந்துகளில் குறைவு, ஆனாலும் இல்லாமல் இல்லை. முதிய பெண்களுக்கு அதிகம். மாத்திரையைத் திடீரென்று குறைத்தால் அசைவு முதலில் கூடுவதும் உண்டு. சிலருக்கு மாதங்களில் தணியும். சிலருக்கு ஆயுசுக்கும் நிற்கும்.

போனக்காட்டு லயத்தில் நான் கண்ட ஓர் ஆச்சியின் வாய் எந்நேரமும் எதையோ மென்றுகொண்டிருந்தது. “வெத்தலையா ஆச்சி?” என்று கேட்டேன். “வெத்தல போட்டு வருசம் பத்தாச்சுய்யா. இது அதுவா ஆடுது” என்றார். வாலிபத்தில் மனசு சரியில்லாமல் பல வருஷம் மாத்திரை சாப்பிட்டவராம். “மாத்திரைய நிப்பாட்டி எட்டு வருசமாச்சு, வாயி மட்டும் நிக்கல. கேட்டா, வயசாச்சுல்லாங்காங்க” என்றார் மகன். இன்னதுதான் என்று முடிவு சொல்ல நான் வைத்தியன் அல்லன். ஆனால் அந்தக் குடும்பத்துக்கு இப்படி ஒன்று உண்டு என்றுகூட யாரும் சொல்லியிருக்கவில்லை.

இந்த அசைவுக்கு இன்று கொடுக்கப்படும் டெட்ராபெனசின், ரெசர்பினைப் பார்த்து 1950களில் உருவாக்கப்பட்ட மருந்து. 2017 இல் அமெரிக்கா அனுமதித்த வால்பெனசினும் அதே வழி வந்தது. சர்ப்பகந்தி அடைத்த அதே வாசலில்தான் இவையும் நின்று வேலை செய்கின்றன. ஆனால் இவற்றின் பிடி தற்காலிகமானது.

பிற மாத்திரைகள்

தூக்க மாத்திரை, பதற்ற மாத்திரை வகையிலும் இதே வரலாறுதான். 1982 முதல் 1994 வரை இங்கிலாந்தின் நியூகாசிலில் ஹெதர் ஆஷ்டன் என்ற பேராசிரியை, டயசெபாம் போன்றவற்றை விட முடியாமல் தவித்தவர்களுக்கென்றே தனிப்பிரிவு நடத்தினார். மனச்சோர்வு மாத்திரை நிறுத்தியவர்களுக்குத் தாம்பத்திய உறவில் குறை நீடிக்கலாம் என்பதை மருந்துக் குறிப்பில் சேர்க்க வேண்டுமென 2019 இல் ஐரோப்பிய மருந்து முகமை கூறியது. நோயாளிகள் அதைச் சொல்லத் தொடங்கியது அதற்குப் பல ஆண்டுகள் முன்பே! அதே 2019 இல் லண்டனின் ஹோரோவிட்ஸும் டெய்லரும், இம்மாத்திரைகளைக் குறைக்கும்போது கடைசி அளவுகளே கடினம் என்று விளக்கினார்கள். 20 மில்லிகிராமிலிருந்து 10க்கு இறங்குவதைவிட, 5இலிருந்து ஒன்றுமில்லாமைக்கு இறங்குவது மூளைக்குப் பெரிய இறக்கம். கடைசிப் படி மட்டும் ஆள் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

நாம் செய்யக்கூடியது

திருவனந்தபுரத்து மனநல மருத்துவமனை 1870 இல் தோன்றியது. அது இருக்கும் ஊளம்பாறையின் பெயர் இந்த ஊரில் வசைச்சொல்லாகவே ஆகிவிட்டது. ஊர் விட்டு ஊர் வந்து பிழைக்கும் நமக்கோ வெட்கத்தோடு வேறு சிக்கலும் உண்டு. ஓர் ஊரில் எழுதிய சீட்டு அடுத்த ஊருக்கு வராது. வேலை மாறும்போது, காசு முடைப்படும்போது, “நல்லாத்தானே இருக்கான், இன்னும் எதுக்கு?” என்று மாத்திரை பட்டென்று நின்றுவிடும். பிறகு வரும் நடுக்கத்தையும் தூக்கமின்மையையும் ‘பழைய நோய் திரும்பிட்டு’ என்றோ ‘நடிக்கான்’ என்றோ சொல்லிவிடுவோம்.

ஆகவே அன்பர்களே, மாத்திரையின் பெயர், அளவு, தொடங்கிய நாள், குறைத்த நாள் இவற்றை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தானாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் கேட்டுப் படிப்படியாகக் குறையுங்கள். நிறுத்திய பின்னும் ஏதேனும் நீடித்தால் அதை நாள் குறித்துச் சொல்லுங்கள். மருந்தின் பக்கவிளைவை 1800-180-3024 என்ற இலவச எண்ணில் நோயாளியே அறிவிக்கலாம். மன உதவிக்கு 14416 உண்டு, தமிழிலும் பேசலாம்.

மழை விட்டும் தூவானம் விடவில்லை என்பது நம் பழமொழி. தூவானத்தில் நனைகிறவர் ஈரமாக இருக்கிறது என்றால், மழைதான் நின்றுவிட்டதே என்று வாதாட வேண்டாம். முதலில் அவர் சொல்வதை நம்புவோம்.