நோய் எதிர்ப்புப் பயிர்வகை மேலாண்மை

நோய் எதிர்ப்புப் பயிர்வகை மேலாண்மை என்பது, நோயைத் தாங்கும் பயிர்வகைகளை எந்த நிலத்தில், எவ்வளவு பரப்பில், எந்த வரிசையில் பயிரிட்டால் அவற்றின் எதிர்ப்புத்திறன் நீண்ட காலம் நிலைக்கும் என்று திட்டமிடும் முறையாகும். புதிய எதிர்ப்பு வகை ஒன்றை உருவாக்கப் பல ஆண்டுகள் தேவைப்படுகின்றன. ஆனால், பரவலாகப் பயிரிடப்பட்ட சில ஆண்டுகளிலேயே அது பயனற்றுப் போகக்கூடும்.

எதிர்ப்புத்திறன் முறியும் விதம்

பயிரின் எதிர்ப்பு மரபணு ஒவ்வொன்றுக்கும் இணையாக நோய்க்காரணியிலும் ஒரு மரபணு உண்டு என்பதை எச். எச். ஃபுளோர் 1940களில் ஆளிச் செடியையும் அதன் துருநோயையும் ஆராய்ந்து கண்டறிந்தார். நோய்க்காரணியின் அம்மரபணு மாறினால் பயிர் அதனை அடையாளம் காண இயலாது. ஒரே எதிர்ப்பு மரபணு பெரும்பரப்பில் பயிரிடப்படும்போது, அவ்வாறு மாறிய நோய்க்காரணி மட்டுமே பிழைத்துப் பெருகுகிறது. பல நாடுகளின் கோதுமை வகைகளில் இடம்பெற்றிருந்த எஸ்ஆர்31 என்னும் மரபணுவை வென்ற தண்டுத் துருநோய் இனம், 1999 ஆம் ஆண்டு உகாண்டாவில் அடையாளம் காணப்பட்டது. இது யுஜி99 என்று அழைக்கப்படுகிறது.

முறைகள்

* கலப்புப் பயிரிடல்: வெவ்வேறு எதிர்ப்பு மரபணுக்கள் கொண்ட வகைகளை ஒரே வயலில் பயிரிடுதல். ஒரு செடியில் தோன்றும் பூஞ்சை வித்துகளுள் பல, தாம் தாக்க இயலாத செடிகளின் மேல் விழுந்து வீணாகின்றன.
* வட்டாரப் பகிர்வு: அடுத்தடுத்த வயல்களுக்கோ வட்டாரங்களுக்கோ வெவ்வேறு மரபணுக்களை ஒதுக்குதல்.
* சுழற்சி: பருவந்தோறும் அல்லது சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வகையை மாற்றுதல். இந்தோனேசியாவின் தென் சுலாவெசியில் நெல்லின் துங்ரோ நோய்க்கு எதிராக இம்முறை பின்பற்றப்பட்டது.
* மரபணு அடுக்கல்: ஒரே வகையில் பல எதிர்ப்பு மரபணுக்களைச் சேர்த்தல். அதே மரபணுக்கள் அருகிலுள்ள வயல்களில் தனித்தனியாகவும் பயிரிடப்பட்டால், நோய்க்காரணி அவற்றை ஒவ்வொன்றாக வெல்ல வழி ஏற்படுகிறது.

எடுத்துக்காட்டுகள்

சீனாவின் யுன்னான் மாநிலத்தில், ஒட்டும் தன்மையுள்ள அரிசியைத் தரும் நெல் வகைகள் நல்ல விலை பெற்றபோதிலும் குலைநோய்க்கு எளிதில் இலக்காயின. 1998 இல் 812 எக்டேரிலும், 1999 இல் 3,342 எக்டேரிலும், எதிர்ப்புத்திறன் கொண்ட வீரிய ஒட்டு நெல்லின் வரிசைகளுக்கு இடையே இவை நடப்பட்டன. தனித்துப் பயிரிட்டதோடு ஒப்பிடுகையில், ஒட்டு அரிசி வகைகளில் நோயின் கடுமை 94 விழுக்காடு குறைந்தது. விளைச்சல் 89 விழுக்காடு கூடியது. கையால் அறுவடை செய்யப்பட்டதால் இரு வகைகளையும் தனித்தனியே பிரிக்க முடிந்தது.

கிழக்கு செருமனியில் 1984 முதல் 1990 வரை பார்லியின் சாம்பல் நோய்க்கு எதிராகக் கலப்பு வகைகள் பயிரிடப்பட்டன. அவற்றின் பரப்பு 3 இலட்சம் எக்டேரைத் தாண்டியது. நோயும் பூஞ்சைக்கொல்லித் தேவையும் வெகுவாகக் குறைந்தன. செருமனி இணைந்த பின்னர், தூய வகைகளையே விரும்பிய சந்தையின் காரணமாக இம்முறை கைவிடப்பட்டது.

இந்தியாவில், சமவெளியின் கோடை வெப்பத்தில் அழிந்துவிடும் கோதுமைத் துருநோய்ப் பூஞ்சைகள் மலைப்பகுதிகளில் உயிர்வாழ்ந்து காற்றின் மூலம் மீண்டும் பரவுவதை கே. சி. மேத்தா விளக்கினார். தண்டுத் துருநோய் நீலகிரி, பழனி மலைகளில் இருந்து வடக்கு நோக்கிச் செல்கிறது. இவ்வழியில் உள்ள வட்டாரங்களுக்கு வெவ்வேறு எதிர்ப்பு மரபணுக்களை ஒதுக்கினால், ஒரு வட்டாரத்தில் பெருகிய இனம் அடுத்ததில் தடைபடும் என்பது இதன் அடிப்படையில் எழுந்த கருத்தாகும்.

நடைமுறைச் சிக்கல்கள்

கலப்புப் பயிரில் உயரமும் முதிரும் காலமும் வேறுபட்டால் இயந்திர அறுவடை கடினமாகும். ஆலைகளும் வணிகர்களும் ஒரே சீரான தானியத்தை எதிர்பார்க்கின்றனர். மேலும், வித்துகள் வயல் எல்லையைக் கடந்து பரவுவதால், தனி ஒரு உழவரின் முயற்சியால் கிடைக்கும் பயன் குறைவு. சிறந்த வகை ஒன்றையே அனைவரும் பயிரிடுவது அவ்வாண்டில் ஒவ்வொருவருக்கும் ஆதாயமாகத் தோன்றினாலும், அதுவே அவ்வகையின் எதிர்ப்புத்திறனை விரைவில் முறியச் செய்கிறது. ஆகையால் இம்மேலாண்மைக்கு வட்டார அளவிலான கூட்டு முடிவு இன்றியமையாதது.