பொருள் வந்தது, பெயர் வந்ததா?



புதுப்பொருள் ஒன்று நம் நாட்டிற்குள் நுழையும்போது அதன் பெயரும் உடன் வந்துவிடுகிறது. ஆனால், அப்பெயர் நமக்கு விளங்கும் பெயராக மாறுவதற்குச் சில காலம் பிடிக்கிறது. அந்த இடைக்காலத்தில் பொருளை ஆள்பவர் சிலராகவும், அதனை வியந்து நிற்பவர் பலராகவும் இருப்பர். அச்சுப்பொறிக்கும் புகைவண்டிக்கும் நேர்ந்த இந்நிலை இன்று இணையதளத்திற்கு நேர்ந்திருக்கிறது.

நிரல் எழுதக் கல்லாதவரும் தமக்கென ஓர் இணையதளம் அமைத்துக்கொள்ள இன்று வழியுண்டு. அதற்கென ஏற்பட்ட கருவிக்கு உள்ளடக்க மேலாண்மை அமைப்பு என்று பெயர். அவற்றுள் மிகுதியாக வழங்கும் வேர்டுபிரஸ், மாட் முல்லன்வெக், மைக் லிட்டில் என்னும் இருவர் முயற்சியால் 2003ஆம் ஆண்டு மே மாதம் வெளிவந்தது. கருவி எளிதே. எனினும் டொமைன், ஹோஸ்டிங், தீம், பிளக்-இன் என்ற சொற்கள் வாயிலிலேயே நின்று புதியவரைத் தடுக்கின்றன. இவற்றை மொழிபெயர்ப்பதா, அப்படியே கொள்வதா? இவ்வினா புதியதன்று. தமிழர் பலர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் கல்கத்தா மாநகரம் இதனை நூற்றைம்பது ஆண்டுகட்கு அணித்தான காலத்திலேயே எழுப்பி ஆராய்ந்திருக்கிறது.

1877ஆம் ஆண்டில் அந்நகரத்து அறிஞர் ராஜேந்திரலால் மித்ரா, ஐரோப்பிய அறிவியற் சொற்களை இந்திய மொழிகளில் வழங்கும் முறை குறித்து ஒரு சிறு நூல் வெளியிட்டார். பின்னர், 1885இல், ஏஷியாடிக் சங்கத்தின் முதல் இந்தியத் தலைவராக விளங்கியவர் இவரே. எல்லாச் சொற்களையும் ஒரே தட்டில் வைத்தல் தகாது. மொழிபெயர்க்கத் தக்கவை சில, ஒலிபெயர்த்துக் கொள்ளத் தக்கவை சில என்று சொற்களை வகைப்படுத்திக் காட்டியதே அவர் செய்த பேருதவி. அதன் பின்னர் 1934இல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் கலைச்சொற் குழு ஒன்றை ராஜசேகர் போஸ் தலைமையில் நிறுவியது. அவர் வேதியியல் கற்றவர், அகராதி தொகுத்தவர், பரசுராம் என்னும் புனைபெயரில் நகைச்சுவைக் கதைகளும் எழுதியவர். மக்கள் பேச்சின் சுவையறிந்தவரே சொல்லாக்கத்திற்கு உரியவர் என்பதற்கு அவர் ஒரு சான்று.

தமிழகமும் வாளா இருக்கவில்லை. 1916இல் சேலத்தில் தமிழ்ச் சாஸ்திரீயப் பரிபாஷைச் சங்கம் தோன்றியது. அதனை முன்னின்று நடத்தியவருள் ஒருவர் ராஜாஜி. வேதியியலைத் தமிழில் சொல்லமுடியும் என்பதை நிலைநாட்டத் ‘திண்ணை இரசாயனம்’ எழுதிய அவரே, 1947 ஆகஸ்டு 15 அன்று மேற்கு வங்காளத்தின் முதல் ஆளுநராகக் கல்கத்தாவில் பொறுப்பேற்றார். இன்னுமொரு தொடர்பும் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராக இருந்த எஸ். வையாபுரிப் பிள்ளையின் நூற்றொகுதி, கல்கத்தா அலிப்பூரிலுள்ள தேசிய நூலகத்தில் இடம்பெற்றிருக்கிறது. இலட்சத்துக்கு மேற்பட்ட தமிழ்ச் சொற்களுக்குப் பொருள் வரையறுத்த பணியில் தலைநின்றவரின் நூல்கள் வங்கத் தலைநகரில் வீற்றிருப்பது, வெளிமாநிலத்தில் வாழும் நமக்குப் பெருமிதம் தருவதாகும்.

இதற்கெல்லாம் நெடுங்காலம் முன்னரே தொல்காப்பியர் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காகப் பகுத்தார். அயலிலிருந்து வந்த சொல்லுக்கும் அவர் இலக்கணத்தில் இடமளித்தார். ஆகவே கடன்வாங்குதல் இழுக்கன்று. பொருள் விளங்காமல் வாங்குதலே இழுக்கு.

இனி, கணிப்பொறியின் கதைக்கு வருவோம். இந்தியாவுக்கு முதலில் வந்த மின்னணுக் கணிப்பொறி, 1950களின் நடுவில், மகலனோபிஸ் நிறுவிய கல்கத்தா இந்தியப் புள்ளியியல் கழகத்திலேதான் நிறுவப்பட்டது. 1991இல் சுவிட்சர்லாந்திலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ முதல் இணையதளத்தை உலகிற்கு வெளிப்படுத்தினார். 1995 ஆகஸ்டு 15 அன்று இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவை தொடங்கியபோது, கல்கத்தாவும் சென்னையும் முதல் வரிசையில் நின்றன. 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டையொட்டித் தமிழ் விசைப்பலகைக்கு ஓர் ஒழுங்கு பிறந்தது. வங்காளிகள் இணையத்தை ‘அந்தர்ஜால்’ என்றும் வழங்கினர், ‘இன்டர்நெட்’ என்றும் வழங்கினர். நாம் ‘இணையம்’ என்றோம், அச்சொல் நிலைத்தது. சொல்லைப் பார்த்தவுடன் இணைக்கும் தொழில் புலப்படுவதே அதற்குக் காரணம்.

புதியவர் முதலில் அறியவேண்டிய சொற்கள் சிலவே. ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டின் முகவரி போன்றது ‘டொமைன்’ எனப்படும் ஆள்களப் பெயர். வீடு நிற்கும் மனை போன்றது ‘சர்வர்’ எனப்படும் வழங்கி. கேட்பவர்க்குப் பக்கங்களை வழங்குவதால் அது வழங்கியாயிற்று. இவ்விரண்டும் குத்தகைக்குப் பெறுவன. தவணை தவறினால் முகவரியும் போகும், மனையும் போகும். அம்மனையின்மேல் எழும் கட்டடமே உள்ளடக்க மேலாண்மை அமைப்பு.

அக்கட்டடத்தினுள் எழுத்து இருவகைப்படும். நாளிட்டு, புதியது மேலும் பழையது கீழுமாக அடுக்கப்படுவது பதிவு. நாளைச் சாராது நிலைத்து நிற்பது பக்கம். ஒரு தமிழ்ச் சங்கத்தின் வரலாறு பக்கமாகும். நவராத்திரி விழா அறிவிப்பு பதிவாகும். பதிவுகளை இனம்பிரிப்பது வகை. அவற்றின் உட்பொருளைச் சுட்டுவது குறிச்சொல்.

இந்த எழுத்துகள் யாவும் தரவுத்தளம் என்னும் களஞ்சியத்தில் சேர்கின்றன. அவை திரையில் எவ்வுருவில் தோன்றவேண்டும் என்பதை வார்ப்புரு முடிவுசெய்கிறது. இச்சொல் நம்மை ஹூக்ளிக்கு அழைத்துச் செல்கிறது. 1778இல் அங்கேதான் சார்லஸ் வில்கின்ஸும், கொல்லர் மரபில் வந்த பஞ்சானன் கர்மகாரும் வங்க அச்செழுத்தை உருவாக்கினர்; அவ்வெழுத்தால் ஹால்ஹெட்டின் வங்க இலக்கணம் அச்சேறியது. ஈய எழுத்து அச்சில் சொல்லும் தோற்றமும் பிரிக்கமுடியாதவை. எழுத்தின் வடிவை மாற்றவேண்டுமாயின் பக்கம் முழுவதையும் மீண்டும் கோக்கவேண்டும். இன்றைய அமைப்பிலோ சொல் ஓரிடத்தில், தோற்றம் வேறிடத்தில். வார்ப்புருவை மாற்றினால் தோற்றம் மாறும், எழுதியது அழியாது. இவ்வேறுபாட்டை உணர்ந்தவருக்கு இக்கருவியின் பாதி அறிவு கைவந்துவிடும்.

வார்ப்புருக்களின் தொகுதியைத் ‘தீம்’ என்பர். சிலர் இதனைக் கருப்பொருள் என்று மொழிபெயர்க்கின்றனர். தமிழிலக்கணம் கற்றவர்க்குக் கருப்பொருள் என்றால் ஒரு திணைக்குரிய தெய்வமும் உணவும் மரமும் புள்ளுமே நினைவுக்கு வரும். இங்கே குறிப்பது புறத்தோற்றம். ஆதலின் தோற்றம் என்ற எளிய சொல்லே போதும். மாறாக, ‘பிளக்-இன்’ என்பதற்குச் செருகுநிரல் என்றது மிகப் பொருத்தம். வேண்டும்போது செருகலாம், வேண்டாதபோது கழற்றலாம். ஆனால் வேர்டுபிரஸ் என்பது இயற்பெயர். அதனை மொழிபெயர்க்க முயல்வது வீண். மித்ரா கண்ட வகைப்பாடு இன்றும் நமக்கு வழிகாட்டுகிறது.

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு என்று வினவலாம். வெளிமாநிலத் தமிழர் வாழ்வில் பணிமாற்றம் இயல்பானது. சங்கத்தில் கணிப்பொறி அறிந்த இளைஞர் ஒருவர் இணையதளம் அமைத்துக் கொடுக்கிறார். இரண்டாண்டில் அவருக்கு வேறூருக்கு மாற்றலாகிறது. முகவரி யார் பெயரில் உள்ளது, வழங்கிக்குத் தவணை எப்போது, கடவுச்சொல் யாரிடம் என்று மற்றவர்க்குத் தெரியாவிடின், சங்கத்தின் நிழற்படங்களும் விழாக் குறிப்புகளும் ஒருநாள் மறைந்துபோகும். பழைய ஆண்டு மலர் அலமாரியில் தூசி படிந்தேனும் கிடக்கும்; தவணை தவறிய தளம் தூசியாகவும் எஞ்சாது.

ஆகவே, அன்பர்களே, இச்சொற்களைத் தமிழில் விளங்கிக்கொள்வது மொழிப்பற்றுக்காக மட்டுமன்று. செயலாளர் முதியவராயினும், பொருளாளர் ஆங்கிலம் மிகுதியும் அறியாதவராயினும், சொல் விளங்கினால் பொறுப்பை ஏற்கத் தயங்கமாட்டார். ஒரு தாளில் ஆள்களப் பெயர், வழங்கி, தவணை நாள், பயனர் பெயர் என எழுதி, கணக்குப் புத்தகத்தோடு சேர்த்துப் பாதுகாக்கச் செய்யுங்கள். கடவுச்சொல்லை மட்டும் பொறுப்பாளர் இருவர் அறிய, தனியே மறைவாக வைத்திருங்கள்.