அம்மா கொண்டுவந்த காவிக்கல்

போன மாதம் கும்பகோணத்திலிருந்து வந்த அம்மாவின் பையில் ஒரு துண்டு காவிக்கல். என் மகளுக்கு முகமெல்லாம் பரு. "உரசிப் பூசுடி, ரெண்டு நாள்ல அடங்கிடும்" என்றார். "பாட்டி, இதுல ஈயம் இருந்தா?" என்றாள் இவள். இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் படித்தது பி.காம்.!

பாலிகஞ்சில் குடியிருப்பதில் ஒரு வசதி. நான் நடக்கப் போகும் சர்க்குலர் ரோட்டில் உள்ள கல்கத்தா பல்கலைக்கழக வளாகத்துக்கு தாரக்நாத் பாலித்தின் பெயர். வழக்கறிஞரான அவர் 1912-ல் அறிவியல் கல்லூரிக்காக நிலமும் பணமும் அள்ளிக் கொடுத்தார். அவர் பெயரில் அமைந்த வேதியியல் பேராசிரியர் பதவிக்கு 1916-ல் வந்தவர் பிரபுல்ல சந்திர ராய். பழைய ரசவாத நூல்களை வேதியியல்காரரின் கண்ணோடு படித்து, 1902-லேயே இந்து ரசாயன வரலாற்றின் முதல் தொகுதியை வெளியிட்டவர்.

அந்த நூல்களில் ஒன்றான ரசரத்ன சமுச்சயத்தில் கைரிகம் என்று வருவது நம் காவிக்கல்தான். பசும்பால் விட்டு அரைத்தால் அது சுத்தியாகும் என்கிறது நூல்.

காவியின் சிவப்பு ஹேமடைட் என்ற இரும்பு ஆக்சைடு. மஞ்சள் காவியில் இருப்பது கோதைட். சுமார் 300 டிகிரியில் சுட்டால் நீர் போய் அதுவும் சிவக்கும்.

ஆய்வுக்கூடத்தின் 'சுத்தி' வேறு மாதிரி. களிமண் கனிமங்களை எக்ஸ் கதிரில் பார்க்க இரும்பு ஆக்சைடு இடைஞ்சல் செய்யும். 1960-ல் மெஹ்ராவும் ஜாக்சனும் வெளியிட்ட முறையில், சிட்ரேட், பைகார்பனேட் கரைசலில் மண்ணைப் போட்டு 80 டிகிரிக்குள் சூடாக்கி டைதயோனைட் சேர்ப்பார்கள். இரும்பு கரைந்துவிடும், செம்மண் வெளுத்துவிடும். கரைசலில் இறங்கிய இரும்பையும் அளந்துவிடலாம்.

கவலை வேறிடத்தில். இரும்பு ஆக்சைடுக்கு ஆர்சனிக்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும் குணம் உண்டு. வங்காளத்தில் குழாய்க் கிணறுகள் விஷமானதற்கு முக்கியக் காரணமே, ஆற்று வண்டலில் அந்த ஆக்சைடு கரைந்து ஆர்சனிக்கை நீரில் விட்டதுதான். சிவப்பைப் பார்த்து இரும்பு உண்டு என்று சொல்லலாம். கூட வந்தது என்ன என்று சோதித்தால்தான் தெரியும். பாலில் அரைத்த கல்லுக்கும் அதே கணக்கு. ஆளைப் பார்த்து மட்டும் வங்கியில் கடன் கொடுக்கிறோமா என்ன?

அம்மாவிடம் இதைச் சொன்னேன். கோபப்படவில்லை. வெள்ளிக்கிழமை காலை வாசலில் மாக்கோலம்; அதைச் சுற்றிக் காவிப் பட்டை. கல் கரைந்தது அங்கேதான். மேல்மாடி வங்காளி மாமி நின்று பார்த்து, "ஆல்போனாவா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

உங்கள் வீட்டுக் காவிக்கல் எதற்குப் பயன்படுகிறது?