ராஸியின் இரு கூட்டமும் பச்சிளம் பிள்ளைகளின் மூளைக்காய்ச்சலும்

அர்-ராஸி (ஹி. 251-313) என்றதும் பெரியம்மை, சின்னமுத்து பற்றிய நூலைச் சொல்லிவிட்டு நம்மவர்கள் அடுத்த ஆளுக்குப் போய்விடுகிறார்கள். எனக்கோ அவரது அல்-ஹாவீயில் வரும் ஒரு சின்னக் குறிப்புத்தான் பெரிசு. சிர்ஸாம், அதாவது மூளையுறை அழற்சி, வரும் அறிகுறி கண்டவர்களில் ஒரு கூட்டத்துக்கு அவர் இரத்தம் குத்தி எடுத்தார். மற்றக் கூட்டத்தை வேண்டுமென்றே அப்படியே விட்டார். இரத்தம் எடுத்ததால் பலன் என்று அவர் கண்ட முடிவு இன்று நிற்காது. வைத்தியம் செய்யாத கூட்டத்தையும் பார்க்க வேணும் என்ற யோசனை நிற்கிறது.

இந்த நோய் பிறந்த பிள்ளைக்கு வந்தால் கழுத்து விறைக்காமலும் இருக்கும். பால் குடியாது, சோர்ந்து கிடக்கும், சிலவேளை உச்சிக்குழி வீங்கும். 1950களில் குளோரம்பெனிகோல் நல்ல நம்பிக்கை தந்தது. இரத்தத்திலிருந்து மூளைக்குள் இலேசாகப் போகும் மருந்து அது. கிருமி தொற்றுமோ என்ற பயத்தில் குறைமாதப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே அதைக் கொடுத்தார்கள். லொஸ் ஏஞ்சலீஸில் கூட்டம் பிரித்துப் பார்த்து 1959இல் வெளியிட்டார்கள். மருந்தே கொடுக்காதவர்களில் 19 சதவீதம் இறந்தார்கள். குளோரம்பெனிகோல் மட்டும் கொடுத்தவர்களில் 60 சதவீதம்! முதிராத ஈரலுக்கு அந்த மருந்தை முறித்து வெளியேற்றத் தெரியவில்லை. பிள்ளைகள் சாம்பல் நிறமாகிச் செத்தார்கள். மருந்து கொடுக்காத கூட்டம் ஒன்று இருந்திராவிட்டால், கிருமிதான் கொன்றது என்றே எழுதியிருப்பார்கள்.

பிறகு ஜென்டமைசின் வந்தது. இது மூளைக்குள் போதிய அளவு போகாது. அப்படியென்றால் நேரே மூளை அறைக்குள்ளேயே ஊசியால் விடுவோமே என்று நினைத்தார்கள். கேட்க நியாயமாய்த்தான் இருக்கிறது. மெக்கிராக்கன் குழு 1980இல் வெளியிட்ட ஆய்வில், நரம்பு வழி மட்டும் மருந்து பெற்றவர்களில் சுமார் 13 சதவீதம் இறக்க, மூளைக்குள்ளும் பெற்றவர்களில் சுமார் 43 சதவீதம் இறந்தார்கள். ஆய்வை இடையில் நிறுத்திவிட்டார்கள். கிருமிகள் ஒரேயடியாக உடையும்போது வெளிவரும் நஞ்சு காரணமாயிருக்கலாம் என்று பின்னர் காட்டப்பட்டது.

இன்றைக்கு நரம்பு வழியாக அம்பிசிலினும், கூடவே ஜென்டமைசின் அல்லது செபோடாக்சிமும் ஏற்றுகிறார்கள். ஈ.கோலை போன்ற கிருமியென்றால் குறைந்தது 21 நாள். காய்ச்சல் விட்டுட்டுதே, துண்டு வெட்டித் தாங்க என்று வாட்டில் நிற்கும் உம்மாமாருக்கு இந்த மூன்று கிழமை நீளம்தான். இடையில் நிறுத்தினால் இந்தக் கிருமி திரும்பவும் தலைதூக்கும்.