துப்பாக்கியில ஏதோ ஆடுதே... ஸ்க்ரூவை முடுக்கினால் போதுமா, பழுது பார்க்கணுமா?

2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ஸ் ஞாபகம் இருக்கா? 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச்சுற்றின் நடுவே மனு பாக்கரின் பிஸ்டல் பழுதானது. அதைச் சரிசெய்வதிலேயே பல நிமிடங்கள் போயின. 575 புள்ளிகளோடு 12-வது இடம். இறுதிச்சுற்று வாய்ப்பு 2 புள்ளிகளில் நழுவியது. அதே மனுதான் 2024-ல் பாரிஸில் இரண்டு வெண்கலம் வென்றார். அதைப் பார்த்து ஏர் பிஸ்டல் பயிற்சியில் சேர்ந்தவர்களுக்கு அடிக்கடி வரும் சந்தேகம்தான் இது: “கையில பிடிச்சா ஏதோ லூஸா இருக்கே, ரிப்பேரா?”

தொடுவதற்கு முன்பு ஒரு விஷயம். பெல்லட் உள்ளே இல்லை என்பதை உறுதி செய்யுங்கள். குழலின் முனை இலக்குப் பக்கமே இருக்கட்டும். கோச் பக்கத்தில் இருப்பது நல்லது.

ஆடினாலும் பயம் வேண்டாம்

ட்ரிகரை அழுத்தும்போது முதலில் கொஞ்ச தூரம் லேசாக நகர்ந்து, பிறகு ஓர் இடத்தில் நின்று எதிர்க்கும். பலரும் இதைத்தான் லூஸ் என்று நினைக்கிறார்கள். அது பழுதே இல்லை. இரண்டு நிலை ட்ரிகரின் அமைப்பே அப்படித்தான்.

நாமே சரிசெய்யலாம்

மர கிரிப் ஈரப்பதத்துக்கு ஏற்ப உப்பும், சுருங்கும். அதனால் ஸ்க்ரூ தளர்வது சகஜம். உள்ளங்கையைத் தாங்கும் பலகையும் அப்படித்தான். சரியான அளவு ஆலன் கீயால் மெதுவாக முடுக்கினால் போதும். பலத்தைக் காட்டினால் மரை போய்விடும்.

கவனம் தேவை

பின்பக்க சைட் ஆடினால் அலட்சியம் வேண்டாம். முன், பின் சைட்டுகளுக்கு நடுவே 33 செ.மீ. இருக்கிறது என்று வையுங்கள். 10 மீட்டர் என்பது அதைப்போல் 30 மடங்கு. சைட் 0.2 மி.மீ. நகர்ந்தாலே இலக்கில் 6 மி.மீ. விலகும். 10-ம் வளையத்தின் மொத்த விட்டமே 11.5 மி.மீ.தான்!

இதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. ஸ்க்ரூவை முடுக்கிவிட்டு, அதன் தலையிலிருந்து பக்கத்து உலோகம் வரை மார்க்கரால் மெல்லிய கோடு போடுங்கள். 30 ஷாட் சுட்டுப் பாருங்கள். கோடு ஒரே நேராக இருந்தால் பிரச்னை முடிந்தது. விலகியிருந்தால் ஸ்க்ரூ தானாகக் கழல்கிறது, மரை தேய்ந்திருக்கலாம். கோடு விலகாமலே சைட் ஆடினால், தேய்ந்தது வேறு பாகம். இரண்டுமே மெக்கானிக்கிடம் காட்ட வேண்டியவை.

கையே வைக்காதீங்க

குழல் ஆடுவது, ட்ரிகர் ஒவ்வொரு முறையும் வேறு வேறு அழுத்தத்தில் விடுவது, சிலிண்டர் இணைப்பில் காற்றுக் கசிவது... இந்த மூன்றுக்கும் யூடியூப் வைத்தியம் வேண்டாம். ட்ரிகர் குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும் என்பது போட்டி விதி. சிலிண்டரில் 200 பார் வரை அழுத்தம் இருக்கும். அதைக் கழற்றிப் பிரிப்பது ஆபத்து. அதில் பொறித்திருக்கும் காலாவதித் தேதியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சுருக்கமாகச் சொன்னால், ஒருமுறை முடுக்கியதும் நின்றுவிட்டால் அது பராமரிப்பு. மறுபடி மறுபடி தளர்ந்தால் அது பழுது. போட்டிக்கு முந்தைய நாள் ராத்திரி அல்ல, இரண்டு வாரம் முன்பே பார்த்துவிடுங்கள். அப்போதுதான் சரிசெய்த பிஸ்டலில் கை பழக நேரம் கிடைக்கும்.