கரண்ட், டவர் இல்லாத நாளில் கைகொடுக்கும் டிரைவ் எது?

நாகப்பட்டினம்:

கஜா புயல் 2018-ம் ஆண்டு நவம்பர் 16-ந்தேதி அதிகாலை நாகை-வேதாரண்யம் இடையே கரையை கடந்தது. லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. உள்கிராமங்களில் பல நாள் கரண்ட் இல்லை. டவரும் படுத்துவிட்டது.

பட்டா, ரேஷன் கார்டு, பாஸ்புக், குழந்தை போட்டோ எல்லாமே இப்போது செல்போனில்தான் கிடக்கிறது. 'கிளவுடுல இருக்குப்பா' என்பதெல்லாம் டவர் இருக்கும் வரைதான். போன் தண்ணீரில் விழுந்தால் கதை முடிந்தது. அதனால் புயல் சீசனுக்கு முன்பே தனியாக ஒரு காப்பி தேவை. அந்த டிரைவ் கம்ப்யூட்டர் இல்லாமல், போன் பேட்டரியிலேயே ஓட வேண்டும்.

இதில்தான் ஹார்டு டிஸ்க் அடிபடுகிறது. உள்ளே தட்டு சுழல்வதால் கரண்டை நிறைய இழுக்கும். பல போன்களால் கொடுக்க முடியாது. ஓடும்போது கீழே விழுந்தாலும் போச்சு. கல்யாண வீடியோ எடுப்பவர்களுக்கு வேண்டுமானால் சரி, குறைந்த விலையில் நிறைய இடம். எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகம் இல்லை. ஆனால் விலை கூடுதல்.

சாதாரண குடும்பத்துக்கு ஓ.டி.ஜி. பென் டிரைவ் போதும். ஒரு முனை போனில் சொருகும், மறுமுனை கம்ப்யூட்டரில். போன் டைப்-சியா, பழைய மைக்ரோவா என்று பார்த்து வாங்கணும். 64 ஜி.பி. தாராளம். 'எக்ஸ்பேட்' முறையில் பார்மட் செய்யச் சொல்லுங்கள். பழைய 'பேட் 32' முறையில் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒரே வீடியோ ஏறாது.

போனுக்குள்ளேயே கிடக்கும் மெமரி கார்டு காப்பி ஆகாது. போன் போனால் அதுவும் போகும். 'இன்டர்னல் ஸ்டோரேஜ்' என்று செட் செய்த கார்டு வேறு போனில் திறக்கவும் திறக்காது.

சில நூறு ரூபாய்க்கு '1 டி.பி.' என்று விற்பதில் உஷார்! உள்ளே 32 ஜி.பி. சிப்பை வைத்துவிட்டு 1 டி.பி. என்று காட்டும்படி செய்திருப்பார்கள். அது நிரம்பிய பிறகு பைல் பெயர் மட்டும் தெரியும், படம் திறக்காது. வாங்கிய அன்றே முழுசா நிரப்பி, கடைசியாக ஏற்றிய வீடியோக்களை ஓட்டிப் பாருங்கள். ஓடாவிட்டால் பில்லுடன் திருப்பிக் கொடுங்கள்.

பென் டிரைவை சும்மா பல வருஷம் போட்டு வைத்தாலும் பதிவு அழிய வாய்ப்பு உண்டு. வருஷம் ஒரு தடவை சொருகி, படங்களைத் திறந்து பார்க்கணும். ஆதார், பாஸ்புக் காப்பி இருந்தால் பாஸ்வேர்டு போடுங்கள். ஒன்றை ஜிப் கவரில் போட்டு வீட்டில் வைத்துவிட்டு, இன்னொன்றை வெளியூர் சொந்தக்காரர் வீட்டில் கொடுத்து வைக்கலாம்.