செருப்பைக் கையில் எடுத்தவரின் பேத்தி ஷூ வாங்குகிறாள்

நர்சிங் முடித்த ஒரு தங்கையோடு போன மாதம் தூத்துக்குடியில் ஷூ வாங்கப் போனேன். தனியார் மருத்துவமனை ஒன்றில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது, பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். அவளுடைய ஆச்சியும் கூட வந்திருந்தார். தங்கை ஒரு ஜோடியை மாட்டிக்கொண்டு கடைக்குள் நடந்து பார்த்தாள். ஆச்சி அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டார்: "ஏட்டி, இதப் போட்டுக்கிட்டு நம்மூரு மேலத்தெரு வழியா வருவியா?"

தங்கை சிரித்துவிட்டாள். ஆச்சி சிரிக்கவில்லை. சின்ன வயதில் அந்தத் தெரு வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, தெரு முடிந்த பிறகு போட்டுக்கொண்டவர் அவர். நம்மில் பலருடைய வீட்டிலும் இந்தக் கதை இருக்கிறது. ஆனால் இது வீட்டுக் கதை மட்டும் இல்லை. எழுத்தில் பதிவான வரலாறு.

1930 டிசம்பரில், நம் மாவட்டத்துக்குப் பக்கத்தில் உள்ள ராமநாதபுரம் சீமையில், ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன், 1946-இல் வெளியான தன் நூலில் இவற்றை வரிசையாகப் பதிவு செய்திருக்கிறார். தங்கம், வெள்ளி நகை போடக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டக் கூடாது, சட்டை போடக் கூடாது. பெண்கள் மாரை மறைக்கக் கூடாது, பூ வைக்கக் கூடாது. மண்பாத்திரம் தவிர வேறு புழங்கக் கூடாது. கடைசித் தடையில், வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக் கூடாது என்பதோடு செருப்பும் வருகிறது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன, தானியம் அழிக்கப்பட்டது, ஆடுமாடுகள் கொள்ளை போயின. 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாயின. நம் மக்கள் படிக்கக் கூடாது, நம் பிள்ளைகள் மிராசுதாரரின் மாடுதான் மேய்க்க வேண்டும் என்பவை அதில் சேர்ந்தன.

செருப்பும் படிப்பும் ஒரே கை எழுதிய தடைகள் என்பதை மாணவத் தோழர்கள் கவனிக்க வேண்டும். படித்து, சீருடை போட்டு, ஷூ மாட்டி வேலைக்குப் போகும் ஒரு தலித் பெண், தொண்ணூறு சொச்சம் வருடத்துக்கு முந்தைய அந்தப் பட்டியலில் பாதியை ஒரே காலையில் மீறுகிறாள்.

இது பழைய கதை என்று சொல்பவர்களுக்கு இரண்டு தகவல். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-இல் கொண்டுவந்து 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், பொது இடத்தில் பட்டியலினத்தவர் செருப்பு அணிவதைத் தடுப்பதைக் குற்றம் என்று பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. நடக்காத ஒன்றுக்கு யாரும் சட்டம் எழுதுவதில்லை. 2023 டிசம்பரில் திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் அருகே ராஜாவூரில், சுமார் அறுபது தலித் மக்கள் அதுவரை மறுக்கப்பட்ட ஒரு தெருவில் முதல்முறையாகச் செருப்போடு நடந்தார்கள்.

நம் கடற்கரையின் உழைப்பும் வெறுங்காலில்தான் நின்றது. முத்துக்குளிப்பவர்கள் கயிற்றில் கட்டிய கல்லில் கால் வைத்துத்தான் கடலுக்குள் இறங்கினார்கள். 1961-இல் முத்துக்குளிப்பு நின்றுபோனது, உப்பளம் நிற்கவில்லை. உப்புப் பாளம் காலைக் கீறும், கீறிய இடத்தில் உப்புத் தண்ணீர் ஏறும். அந்த வாழ்க்கையைத்தான் ராஜம் கிருஷ்ணன் 'கரிப்பு மணிகள்' நாவலாக எழுதினார். அந்தத் தங்கையின் அம்மா இன்றும் உப்பளத்துக்குப் போகிறார்.

நர்சிங்கும் சாதி தொட்ட வேலைதான். ரத்தம், மலம், பிறர் உடம்பு என்று ஆதிக்கச் சாதிகள் ஒதுங்கிய வேலை அது. 1909-இல் வேலூரில் ஐடா ஸ்கடர் தொடங்கியது போன்ற மிஷன் பள்ளிகள் வழியாகத்தான் நம் பெண்கள் பலர் இதற்குள் வந்தார்கள். சேவை, தியாகம் என்று இந்த வேலையைப் புகழ்ந்தவர்கள், அந்தப் பெண்ணின் கால் வலிக்கிறதா என்று கேட்கவில்லை. ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல்கூட 1859-இல் எழுதிய நூலில் நர்ஸின் காலணிச் சத்தம் நோயாளியைத் தொந்தரவு செய்வதைப் பற்றித்தான் பேசினார்.

மணிக்கணக்கில் நின்றால் கெண்டைக்கால் தசை சரியாக வேலை செய்யாது. ரத்தம் மேலே ஏறாமல் காலில் தங்கும். பாதம் வீங்கும், நரம்பு சுருளும், காலையில் எழுந்து தரையில் கால் வைத்ததும் குதிகால் குத்தும். எனவே ஷூ வாங்கும்போது இவற்றைப் பாருங்கள். கால் வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் வாங்குங்கள். வேலைக்குப் போடும் சாக்ஸோடு, இரண்டு காலிலும் போட்டு, நின்று நடந்து பாருங்கள். பெருவிரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். குதிகால் வழுக்கக் கூடாது. அடிப்பாகம் ஈரத் தரையில் பிடிக்கும் ரப்பராக இருக்கட்டும். ஊசியும் ரத்தமும் மேலே விழும் வேலை இது. ஆகவே முன்பக்கம் மூடியதாக, ஓட்டை இல்லாததாக, கழுவக்கூடியதாக இருக்க வேண்டும். முடிந்தால் இரண்டு ஜோடி வைத்து மாற்றி மாற்றிப் போடுங்கள்.

"முடிந்தால்" என்று எழுதும்போதே கை தயங்குகிறது. முதல் சம்பளம் வராத பெண் ஒரு ஜோடிக்கே கடன் வாங்குகிறாள். அந்தத் தங்கையும் வெள்ளை நிறம் மட்டும்தான் சீருடை விதி என்பதால் இருப்பதிலேயே மலிவானதைத்தான் முதலில் எடுத்தாள். அடிப்பாகம் பலகை மாதிரி இருந்தது. ஷூ என்ன நிறம் என்று விதி போடத் தெரிந்த நிர்வாகத்துக்கு, அதை வாங்கித் தரவும் தெரிய வேண்டும்.

கோழிக்கோட்டுக் கடைப் பெண்கள் போராடித்தான் 2018-இல் கேரளம் உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. 2021-இல் தமிழ்நாடும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் அதைச் சேர்த்தது. துணிக்கடையில் ஒரு ஸ்டூலுக்கே இவ்வளவு காலம் ஆனது. வார்டில் நாற்காலியும், வருடத்துக்கு இரண்டு ஜோடி ஷூவும் நாம் கேட்காமல் வராது. நர்சிங் படிக்கும் தோழர்கள் தங்கள் சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் இந்த இரண்டையும் சேர்க்க வேண்டும்.

கடைசியில் ஆச்சிதான் தன் முடிச்சை அவிழ்த்து மீதிப் பணத்தைக் கொடுத்தார். தங்கை மெத்தென்ற அடிப்பாகம் உள்ளதை வாங்கினாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே ஷூவோடு மேலத்தெரு வழியாகத்தான் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன் என்று போனில் சொன்னாள். ஆச்சியும் கூடவே செருப்போடு நடந்தாராம்.

ஜெய்பீம்.